காய்க்காத வாழை

இங்கிலாந்தின் தென்கிழக்குப் பகுதியில் உள்ள எங்கள் வீட்டின் பின்புறத்தில், தெற்கு பார்த்த செங்கல் சுவரை ஒட்டி, ஒரு வாழைக் கூட்டம் நிற்கிறது. 2007ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒற்றைக் கன்றாக நட்டது. அதைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரு கேள்வி கேட்கிறார்கள். கேட்பவர் தமிழராக இருந்தால் கேள்வி, "காய்க்குமா?" என்பதாக இருக்கும். ஆங்கிலேயராக இருந்தால், "இந்தக் குளிரில் பிழைக்குமா?" என்பதாக இருக்கும். முதல் கேள்விக்கு 'ஏறக்குறைய இல்லை' என்றும், இரண்டாவதற்கு 'ஏறக்குறைய ஆம்' என்றும் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறோம். முதல் பதிலைக் கேட்டதும் தமிழ் நண்பர்களின் முகத்தில் ஓர் இரக்கம் தோன்றும். பிள்ளையில்லாத வீட்டைப் பார்க்கும் இரக்கம் அது. 'அப்படியானால் இதை எதற்கு வளர்க்கிறீர்கள்?' என்று வாய்விட்டுக் கேட்காத பண்பு பெரும்பாலானவர்களுக்கு உண்டு.

எதற்கு வளர்க்கிறோம் என்பதைச் சொல்லிப் பார்க்கவே இக்கட்டுரை. காய்க்காத ஒன்றைக் குளிர் நாட்டில், கண்ணாடிக் கூரையின்றி, திறந்த வெளியில் வளர்ப்பது வீண் வேலை என்பது பரவலான எண்ணம். அது வீண் வேலை அல்ல என்பதும், வாழையை நாம் பார்க்கும் பார்வையில்தான் குறை இருக்கிறது என்பதும் எங்கள் கட்சி.

*

முதலில் செடியைப் பற்றி. இதன் தாவரவியல் பெயர் மூசா பாஸ்ஜூ. ஆங்கிலத்தில் 'ஜப்பானிய வாழை' என்று வழங்குகிறார்கள். ஆனால் இதன் தாயகம் ஜப்பான் அன்று; தென் சீனம். ஜப்பானில் நெடுங்காலமாகத் தோட்டங்களில் வளர்க்கப்பட்டது. அங்கிருந்து ஐரோப்பியர்கள் எடுத்துச் சென்றார்கள். எடுத்த இடமே பிறந்த இடமாகப் பெயரில் ஒட்டிக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வீட்ச் என்ற புகழ்பெற்ற நாற்றுப்பண்ணை இதை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தது. புலம்பெயர்ந்தவர்களுக்குக் கடைசியாகக் குடியிருந்த ஊரின் பெயரே அடையாளமாகிவிடுவது செடிகளுக்கும் நேர்கிறது.

குளிரை இது எப்படித் தாங்குகிறது என்பதை வாழை தெரிந்தவர்களுக்கு விளக்குவது எளிது. நாம் மரம் என்று சொல்லும் பகுதி உண்மையில் தண்டே அல்ல. இலைக் காம்புகளின் அடிப்பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி நிற்கும் மட்டைகள். உண்மையான தண்டு மண்ணுக்குள் கிழங்காக இருக்கிறது. முதல் உறைபனி விழுந்த இரவே இலைகள் கருகித் தொங்கிவிடும். பாதுகாப்பின்றி விட்டால், பூச்சியத்துக்குக் கீழே சில பாகைகளிலேயே மட்டைகளும் தண்ணீர் கோத்துக் கொழகொழத்துவிடும். ஆனால் மேலே சருகும் வைக்கோலும் மூடிய கிழங்கு, பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகைக்கும் தாண்டிய குளிரில் உயிரோடு இருக்கும். மே மாதக் கடைசியில் மண் சூடேறியதும் குருத்து வரும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில், நீரும் எருவும் தாராளமாக இருந்தால், வாரத்துக்கு ஓர் இலை வீதம் விரியும். ஒரே கோடையில் ஆள் உயரத்தைத் தாண்டிவிடும்.

இலை நம் ஊர் இலையைவிட மெல்லியது. இரண்டொரு முறை சாப்பாட்டுக்கு நறுக்கிப் பார்த்தோம். மடிப்பதற்குள் கிழிந்துவிட்டது. பழம் வந்தாலும் விரல் நீளத்தில், கறுத்த விதைகளுக்கு இடமளித்துச் சதை குறைந்து, உண்ண உதவாததாக இருக்கும். வாழையின் பூ, காய், கனி, தண்டு, இலை, நார் எதையும் விடாமல் பயன்படுத்தும் மரபில் வந்தவர்களுக்கு, இதன் பயன்பாட்டுப் பட்டியலில் வெற்றிடமே மிச்சம் என்று தோன்றுவது இயல்புதான்.

*

பழத்தின் மீதான ஆசை தமிழருக்கு மட்டும் உரியதில்லை. 1633ஆம் ஆண்டு ஏப்ரலில், லண்டனின் ஸ்னோ ஹில் பகுதியில் மருந்துக்கடை வைத்திருந்த தாமஸ் ஜான்சன், பெர்முடாவிலிருந்து வந்த ஒரு வாழைத்தாரைத் தம் கடையில் தொங்கவிட்டார். தாம் திருத்தி வெளியிட்ட மூலிகை நூலில் அதன் படத்தையும் சேர்த்தார். அதற்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, டெர்பிஷயரில் டெவன்ஷயர் பிரபுவின் சாட்ஸ்வொர்த் மாளிகையில், தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் கண்ணாடிக்குடிலில் ஒரு குட்டை வாழையை வளர்த்து, 1835இல் பூக்க வைத்தார். பிரபுவின் குடும்பப் பெயரால் அது 'காவண்டிஷ்' ஆயிற்று. இன்று உலகச் சந்தைகளில் ஏற்றுமதியாகும் வாழைப்பழங்களில் மிகப் பெரும்பங்கு அந்த வகையைச் சேர்ந்தவை என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

அடுத்து வந்தது காட்சிக்கான ஆசை. 1860களில் லண்டன் பாட்டர்ஸி பூங்காவில் ஜான் கிப்சன் ஒரு வெப்பமண்டலத் தோட்டத்தை அமைத்தார். அகன்ற இலைகளும் விசித்திர வடிவங்களும் கொண்ட செடிகளைக் கோடையில் வெளியே வைப்பதும், குளிர்காலத்தில் நிலக்கரி எரித்துச் சூடேற்றிய குடில்களில் அடைப்பதுமாக இந்த மோகம் பரவியது.

இவ்விரண்டு ஆசைகளிலும் உள்ள பொது அம்சம் ஒன்றுதான். இந்த மண்ணையும் வானத்தையும் ஏற்க மறுப்பது. காவண்டிஷ் வாழைக்கு டெர்பிஷயரின் காற்று ஒரு நாள்கூட நேரடியாகப் படவில்லை. அது இங்கிலாந்தில் இருந்தது. ஆனால் இங்கிலாந்தில் வளரவில்லை. திறந்த வெளியில் நிற்கும் காய்க்காத வாழைக்கும் கண்ணாடிக்குள் காய்த்த வாழைக்கும் உள்ள வேறுபாடு இதுவே. முன்னது இந்த ஊரின் மழையில் நனைகிறது. இந்த ஊரின் காற்றில் கிழிகிறது. நவம்பரில் இந்த ஊரின் செடிகளைப் போலவே செத்துக் காட்டுகிறது.

*

இலக்கியம் படிப்பவர்களுக்கு இந்த வாழையோடு இன்னொரு வழியிலும் உறவு இருக்க வேண்டும். ஹைக்கூ என்றதும் நினைவுக்கு வரும் பாஷோவின் பெயர் இந்தச் செடியின் பெயர்தான். 1680இன் குளிர்காலத்தில் எடோ நகரின் ஓரத்தில், ஆற்றுக்கு அப்பால் இருந்த ஃபுககாவாவுக்கு அவர் குடிபெயர்ந்தார். அடுத்த வசந்தத்தில் ரிகா என்ற சீடர் ஒரு வாழைக்கன்றைக் கொண்டுவந்து குடிசை வாசலில் நட்டார். கன்று செழித்தது. குடிசைக்கு வாழைக் குடிசை என்று பெயர் வந்தது. பிறகு குடிசையின் பெயர் குடியிருந்தவருக்கும் வந்துவிட்டது. அதுவரை தோசெய் என்ற புனைபெயரில் எழுதி வந்தவர் பாஷோ ஆனார்.

அந்த வாழையைப் புதிய குடிசைக்கு மாற்றியது பற்றி 1692இல் அவர் ஓர் உரைநடைப் பகுதி எழுதியிருக்கிறார். வட நாட்டுப் பயணத்துக்குக் கிளம்பும் முன், செடியை வேலியோரமாக மாற்றி நட்டுவிட்டு, உறைபனிக்கு மூடி போடும்படியும் காற்றுக்குத் தடுப்பு வைக்கும்படியும் அக்கம்பக்கத்தாரிடம் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போனதாக அதில் வருகிறது. உடைமைகளைத் துறந்து நடந்த கவிஞர், ஒரு வாழைக்கு வைக்கோல் கட்ட ஆள் ஏற்பாடு செய்துவிட்டுப் போகிறார். அவருடைய புகழ்பெற்ற பயணங்கள் எவற்றையும்விட எங்களை நெகிழச் செய்வது இந்த ஏற்பாடுதான். நண்பர்களும் சீடர்களும் ஆண்டுதோறும் கன்றுகளைப் பிரித்து அங்கங்கே அனுப்பி வந்ததையும் அவர் குறிப்பிடுகிறார்.

பூ பகட்டாக இல்லை, தண்டு பருத்திருந்தும் கோடரிக்குப் பயனில்லை, காற்றிலும் மழையிலும் எளிதாகக் கிழிகிறது. அதனாலேயே இதை விரும்புகிறேன் என்பது அவர் சொல்வதன் சாரம். பயனற்ற மரமே வெட்டுப்படாமல் நெடுநாள் வாழும் என்ற சுவாங்ட்ஸுவின் எண்ணம் இதன் பின்னணியில் இருக்கிறது. அதற்கும் பின்னால் ஒரு பௌத்த உவமை உண்டு. வைரம் பாய்ந்த மரத்தைத் தேடிக் காட்டுக்குப் போனவன் வாழையை வெட்டி மட்டை மட்டையாக உரிக்கிறான். உரித்து முடித்தால் உள்ளே வைரம் இல்லை. நிலையாமையைச் சொல்லப் பாலி சூத்திரத்தில் வரும் உவமை இது. இந்தியாவில் பிறந்து, சீனம் கடந்து, ஜப்பானுக்குச் சென்ற பாதை இவ்வுவமைக்கும் உண்டு. வாழை விளையும் நாட்டில் பிறந்த உவமை, வாழை கனி தராத நாட்டில் கவிதையாயிற்று. பழம் இருந்திருந்தால் பாஷோவும் ஒருவேளை பழத்தைத்தான் பார்த்திருப்பார்.

*

தத்துவம் பேசிவிட்டோம், இனி வைக்கோல்.

குளிர்காலக் காப்புக்கு நாங்கள் கற்றுக்கொண்ட முறை எளியது. நவம்பரில் முதல் உறைபனி இலைகளைக் கருக்கியதும், காம்பையொட்டி அவற்றை அறுத்துவிட வேண்டும். மட்டையைச் சுற்றி நான்கு கழிகள் நட்டு, கோழிக்கூண்டுக்குப் போடும் கம்பிவலையைச் சுற்ற வேண்டும். உள்ளே உலர்ந்த வைக்கோலோ சருகோ அடைக்க வேண்டும். உச்சியில் மழை இறங்காமல் ஒரு கூரை. பக்கங்களில் காற்று போய்வர வேண்டும். மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ பிரித்துவிடலாம். குளிரைவிட ஈரத்தோடு சேர்ந்த குளிர்தான் எமன்.

இதை நாங்கள் தவறு செய்துதான் கற்றோம். 2010ஆம் ஆண்டு டிசம்பர், 1910 முதல் உள்ள பிரிட்டனின் பதிவுகளில் மிகக் குளிர்ந்த டிசம்பர். மூன்று குளிர்காலங்களைக் கடந்து, எங்கள் வாழை அப்போது கூரைத் தாழ்வாரத்தைத் தொடும் உயரத்தில் நின்றது. பனிப்பொழிவுச் செய்தியைக் கேட்டுப் பதறிப்போய், அடி முதல் முடி வரை பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றிக் கட்டினோம். அன்பின் மிகுதிதான். ஏப்ரலில் பிரித்தபோது ஒரு நாற்றம் அடித்தது. உள்ளே வியர்த்துத் தேங்கிய நீரில் மட்டைகள் முழுவதும் அழுகியிருந்தன. கையால் தள்ளியதும் முழு மரமும் மெதுவாகச் சாய்ந்தது. நான்கு ஆண்டு உயரம் அரை நிமிடத்தில் தரையில் கிடந்தது.

அந்தச் சமயத்தில் கும்பகோணத்திலிருந்து பெரியம்மா எங்களோடு தங்க வந்திருந்தார். கிழங்கைத் தோண்டி எறிந்துவிட மண்வெட்டியோடு நின்ற எங்களை நிறுத்தி, குனிந்து, அழுகிய நடுப்பகுதியை விரலால் வழித்துப் பார்த்தார்.

"மட்டைதானே போச்சு? கிழங்கு கல்லு மாதிரி இருக்கு. தோண்டாதீங்க. வெயில் வரட்டும்."

"இங்க வெயில் எப்ப பெரியம்மா வரும்?" என்றோம்.

"வரும்போது வரட்டும். அங்க மட்டும் என்ன? தார் வெட்டினா மரத்தையும் சாய்க்கிறோம். அதுக்காக யாராவது அழறாங்களா? பக்கக்கன்னு வருதில்ல?"

எங்கள் நான்கு ஆண்டுத் துயரத்தை அவர் விவசாயக் கணக்கில் ஒரே வரியில் தீர்த்துவிட்டார். யோசித்தால், அவர் சொன்னது முற்றிலும் சரி. எந்த வாழையும் ஒரு முறைதான் குலை தள்ளும். அதோடு அந்த மரத்தின் ஆயுள் முடிந்தது. காவிரிக் கரையில் அரிவாள் செய்வதை இங்கே உறைபனி செய்கிறது. அங்கே மறுதாம்பு என்று சொல்கிறோம். இங்கே வசந்தம் என்கிறார்கள். வாழையடி வாழை என்ற தொடரை வம்ச விருத்திக்கான வாழ்த்தாகவே கேட்டுப் பழகியிருந்த நாங்கள், அதில் தாய்மரத்தின் வீழ்ச்சியும் அடங்கியிருக்கிறது என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

அவர் ஊர் திரும்பிய பிறகு, ஜூன் இரண்டாம் வாரத்தில், சாய்ந்த மரத்தைச் சுற்றி மூன்று கன்றுகள் முளைத்தன.

*

திறந்தவெளி வாழைக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் மூன்றைப் பொருட்படுத்த வேண்டும்.

முதலாவது, இடத்துக்குப் பொருந்தாமை. ஆங்கிலத் தோட்டத்தில் ஆங்கிலத் தன்மை வேண்டும். வாழை அங்கே வேடதாரி என்பது இக்கட்சி. கிழக்கு சஸெக்ஸில் உள்ள கிரேட் டிக்ஸ்டர் தோட்டத்தில், கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்த பழைய ரோஜாத் தோட்டத்தை 1993இல் கிறிஸ்டபர் லாயிட் பிடுங்கிவிட்டு, ஃபெர்கஸ் காரெட்டோடு சேர்ந்து வாழையும் கல்வாழையும் டாலியாவும் நிறைந்த வெப்பமண்டலச் சாயல் தோட்டத்தை அமைத்தபோது பலருக்கு அது அதிர்ச்சியாக இருந்தது. லாயிட் அப்போது எழுபதைத் தாண்டியவர். நோயுற்ற ரோஜாக்களை மரபின் பெயரால் காப்பாற்றிக்கொண்டிருக்க அவர் விரும்பவில்லை. ரோஜாவிலேயே பல சீனத்திலிருந்து வந்தவை. டாலியா மெக்சிகோவிலிருந்து வந்தது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வந்தது மண்ணின் மைந்தன், நூறு ஆண்டுகளுக்கு முன் வந்தது அந்நியன் என்ற கணக்கை மனிதர்கள் விஷயத்தில் நாம் ஏற்பதில்லை. செடிகள் விஷயத்திலும் ஏற்க வேண்டியதில்லை. பிற உயிர்களை நெருக்கி அழிக்கும் செடி என்றால் வாதம் வேறு. கிழங்கிலிருந்து பக்கத்தில் மட்டுமே பெருகும் பாஸ்ஜூ அப்படிப்பட்டதன்று.

இரண்டாவது, ஏக்கம். புலம்பெயர்ந்தவர்கள் ஊரை நகலெடுக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு. இதில் உண்மை இல்லை என்று சொல்ல மாட்டோம். 2007இல் நாங்கள் கன்று வாங்கியது ஏக்கத்தால்தான். ஆனால் ஊர் வாழையின் நகலாகப் பார்க்கும் வரை இந்தச் செடி ஏமாற்றத்தையே தரும்: இலை மெல்லியது, பழம் இல்லை, ஆறு மாதம் வைக்கோல் மூட்டை. நகல் என்ற எண்ணத்தை விட்ட பிறகே அது தானாகத் தெரியத் தொடங்கியது. காலை வெயில் இலையின் பின்புறமிருந்து ஊடுருவும்போது தோன்றும் இளம்பச்சை. மழை ஓய்ந்த பின்னும் இலையிலிருந்து இலைக்குச் சொட்டிக்கொண்டிருக்கும் ஓசை. செப்டம்பர்க் காற்றில் நரம்பு வழியே சீப்புப் பற்களாகக் கிழிந்து, கிழிந்ததாலேயே முறியாமல் நிற்கும் தந்திரம். இவை ஊரில் இருந்த காலத்திலும் எங்கள் கண்முன் நடந்தவைதான். அப்போது நாங்கள் இலையைச் சாப்பாட்டுக்கும் தாரைச் சந்தைக்குமாகக் கணக்கிட்டுக்கொண்டிருந்தோம்.

இதே ஏக்கத்தின் மோசமான வடிவம் ஒன்றுண்டு. எத்தியோப்பியாவின் என்செட் வாழையின் செந்நிற இலை வகையை ஆண்டுதோறும் ஜூனில் வாங்கி, நவம்பரில் குப்பையில் எறிகிறவர்கள் இருக்கிறார்கள். கோடிக்கணக்கான எத்தியோப்பியர்களுக்குக் கிழங்கும் மட்டையுமாகப் பசியாற்றும் பயிர் அது. அங்கும் அதைப் பழத்துக்காக வளர்ப்பதில்லை. தோண்டித் தொட்டியில் வைத்து வீட்டுக்குள் காக்க இடம் இல்லாதவர்கள் அதை வாங்காமல் இருப்பதே மேல். அலங்காரத்துக்காகத்தான் என்றாலும், ஒரு வாழையை ஐந்து மாதத் தோரணமாக நடத்துவதை எங்களால் ஒப்ப முடியவில்லை.

மூன்றாவதுதான் எங்களை உண்மையில் தொந்தரவு செய்வது. 2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் எங்கள் வாழை பூத்தது. கிழங்கு மட்டும் பிழைத்தால் போதாது. மட்டை பல குளிர்காலங்களைச் சேதமின்றித் தாண்டினால்தான் உள்ளிருந்து பூந்தண்டு மேலேறி வரும். அது நடந்தது. ஊர்ப் பூவின் கருஞ்சிவப்பு இல்லாமல், மஞ்சளும் பச்சையும் கலந்த மடல்கள். ஒவ்வொன்றாக விரிந்து விழ, அடியில் விரல் பருமனில் பச்சைப் பிஞ்சுகள். பதினைந்து ஆண்டுகளாக 'காய்க்குமா?' என்று கேட்ட நண்பர்களை எல்லாம் தொலைபேசியில் அழைத்துச் சொல்லலாம் என்று நினைத்தோம். ஆனால் அழைக்கவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்புதான், ஜூலை 19 அன்று, லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் வெப்பம் 40.3 பாகை செல்சியஸைத் தொட்டிருந்தது. இந்த நாட்டில் அதற்கு முன் 40ஐத் தொட்டதாகப் பதிவே இல்லை. எங்கள் தெருவில் புல்வெளிகள் வைக்கோல் நிறத்தில் கிடந்தன. பக்கத்து வீட்டு முதியவரின் பூர்ச்ச மரம் ஆகஸ்டிலேயே இலை உதிர்த்தது. அதன் நடுவே எங்கள் வாழை மட்டும் குலை தள்ளி நின்றது.

ஒரு கோடையையும் ஒரு குலையையும் வைத்து எதையும் நிறுவ முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். அந்த டிசம்பரிலேயே கடும் உறைபனி வந்து குலையைக் கருக்கியும் விட்டது. என்றாலும், இத்தனை ஆண்டுகள் விரும்பிய ஒன்று நடந்தபோது மகிழ முடியாமல் போனதை மறைப்பதற்கில்லை. காய்க்காத வாழை என்பது இந்த ஊரின் குளிர் இன்னும் குளிராக இருக்கிறது என்பதற்கான சாட்சியும்கூட. அந்தக் குறை குறையாகவே நீடிக்க வேண்டும் என்று இப்போது விரும்புகிறோம்.

*

ஆகவே, குளிர் நாட்டில் வாழும் நண்பர்களுக்கு எங்கள் பரிந்துரை இது. தோட்டத்தில் காற்று அடங்கிய ஒரு மூலை இருந்தால், மே கடைசியிலோ ஜூனிலோ ஒரு பாஸ்ஜூ கன்றை நடுங்கள். எருவையும் நீரையும் கஞ்சத்தனமின்றிக் கொடுங்கள். நவம்பரில் வைக்கோல் கட்டுங்கள். பிளாஸ்டிக்கில் இறுகச் சுற்றாதீர்கள். ஏப்ரலில் அழுகியிருந்தால் பதறாதீர்கள். ஜூலை வரை மண்வெட்டியை எடுக்காதீர்கள். பழத்தைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கூட்டம் பெருகியதும் கன்றுகளைப் பிரித்துக் கொடுங்கள். விலைக்கு விற்பது இந்தச் செடியின் வரலாற்றுக்கு ஒவ்வாதது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. எங்கள் கிழங்கிலிருந்து இதுவரை பதினோரு கன்றுகள் போயிருக்கின்றன. ஒன்று, ஆகஸ்டில் இலை உதிர்த்த அந்தப் பூர்ச்ச மரத்தின் அருகில், பக்கத்து வீட்டில் நிற்கிறது. "இந்தக் குளிரில் பிழைக்குமா?" என்று முதலில் கேட்டவர் அவர்தான். சென்ற குளிர்காலத்தில் நாங்கள் ஊருக்குப் போயிருந்த மூன்று வாரங்களில் கடும் பனி பெய்தது. திரும்பி வந்து பார்த்தபோது, எங்கள் வாழையின் வைக்கோல் கூண்டின் மீது எங்களுடையது அல்லாத ஒரு பழைய சாக்கு போர்த்தி, சணல் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. நாங்கள் அவரிடம் சொல்லிவிட்டுப் போகவில்லை.